சாமானியர் கைக்கு வந்த சமயம்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் கோயிலின் கணக்கையும் திருவிழாவின் ஒழுங்கையும் பேணுபவர் பூசகர் அல்லர். குடிவழியில் தெரிவாகும் வண்ணக்கரே. பள்ளிவாசல்களில் இதேபோன்று குடிகளின் சார்பில் மரைக்கார்மார் பொறுப்பு வகித்து வந்துள்ளனர். சமயம் குருமாரின் தனியுடைமையன்று என்பது இவ்விரு சமூகத்தவருக்கும் புதிய செய்தியல்ல.

இலங்கைக் கத்தோலிக்கரோ இப்பாடத்தை நெருக்கடியிலே கற்றனர். புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1658இல் போர்த்துக்கேயர் ஆட்சி இலங்கையில் அடியோடு முடிந்தபோது குருமார் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்க வழிபாடும் தடைசெய்யப்பட்டது. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்திறங்கிய யோசேவ் வாஸ் அடிகளாரும் அவர்வழி வந்தோரும் ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் ஆகியோரிடம் பொறுப்புகளை ஒப்படைத்தனர். குருவானவர் வராத நாட்களில் செபம் சொல்வித்தவர்களும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டியவர்களும் இவர்களே. யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நூல்கள் அவர்களுக்குக் கைகொடுத்தன.

இதையொத்த மாற்றமொன்று ஐரோப்பாவில் இடைக்காலத்தின் பிற்பகுதியில் நிகழ்ந்தது. ஆண்டுக்கொருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை பெறவேண்டுமென 1215ஆம் ஆண்டின் லாத்தரன் சங்கம் விதித்தது. ஆயினும் பொதுநிலையினர் அத்துடன் அமைந்துவிடவில்லை. நகரங்களில் சகோதர சபைகளை அமைத்து நோயாளரைப் பராமரித்தனர். ஏழைகளின் சடலங்களை அடக்கம் செய்தனர். புளோரன்ஸ் நகரின் மிசரிக்கோர்தியா சபை அவ்வகையில் தோன்றி இன்றும் நோயாளர் பணியாற்றி வருகின்றது. நெதர்லாந்தின் தெவெந்தர் நகரில் கெயர்த் குரூட் (1340–1384) தூண்டிய இயக்கம், சாமானியரும் தாய்மொழியில் செபிக்கவும் தியானிக்கவும் வழிகாட்டியது.

இம்மாற்றத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவைச் சூறையாடிய கொள்ளைநோய்க்கு யூதர் கிணறுகளில் இட்ட நஞ்சே காரணமென வதந்தி பரவிற்று. அது பொய்யென 1348இல் பாப்பரசர் ஆறாம் கிளெமெந்து அறிவித்தும் பலர் செவிமடுக்கவில்லை. 1349 பெப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பெருந்தொகை யூதர் எரித்துக் கொல்லப்பட்டனர். அயலவரைப் புதைக்கத் தோள்கொடுத்த அதே காலத்து மக்களிடையேதான் அயலவரை எரிக்கத் துணிந்தோரும் இருந்தனர். பக்தி சாமானியர் கைக்கு வரும்போது அதனோடு பொறுப்பும் வந்தாக வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

இவ்வாவிக்கரைக்கு அது அந்நியமான படிப்பினையன்று. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சிறுவர்கள் உட்படப் பலர் பலியாயினர். கொன்றவர்கள் ஆயுதமேந்திய சிலர். ஆனால் அவற்றின் பின் பரவிய வதந்தியை நம்புவதா, அயலவரின் வீட்டுக்குச் சென்று துக்கம் விசாரிப்பதா என்பதைத் தீர்மானித்தவர்கள் சாமானிய மக்களே.

வண்ணக்கரும் மரைக்காரும் மூப்பரும் வழிபாட்டிடத்தின் திறப்புகளை மட்டும் காப்பவர்கள் அல்லர். தம் மக்களிடம் பொய்யொன்று பரவும்போது அதை முதலில் மறுத்துரைக்கக் கூடியவர்களும் அவர்களே. பாப்பரசரின் சொல் எட்டாத இடத்தில் ஊர்ப் பெரியவரின் சொல் எட்டும். அந்தச் சொல் உரிய வேளையில் ஒலிக்க வேண்டும்.