இணையத்தில் தமிழுக்கு வழி சமைத்த அதிரை உமர் தம்பி

திருப்பூர் மாநகராட்சியோடு 2011ஆம் ஆண்டில் இணைந்த நெருப்பெரிச்சல், பின்னலாடைத் தொழிலால் உயிர்க்கும் ஊர்களுள் ஒன்று. இங்குத் தைக்கப்பெறும் பனியனின் கழுத்தோரத்து லேபிளை நோக்குங்கள். அளவு யாது, நூல் யாது, எவ்வாறு துவைத்தல் வேண்டும் என்பன அதில் உள. வெட்டும் மேசையில் நிற்பவரும், கடல் கடந்த நாட்டில் வாங்குபவரும் அக்குறிகளுக்கு ஒரே பொருள் கொள்வதாலேயே வாணிபம் நடைபெறுகின்றது.

இணையப் பக்கமும் இத்தகைய லேபிள்களால் ஆனதே. ‘இது தலைப்பு, இது பத்தி, இது அடுத்த பக்கத்திற்கான இணைப்பு’ என்று கணினிக்கு உணர்த்தும் குறிகளின் தொகுதிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆங்கில அறிஞர் டிம் பெர்னர்ஸ் லீ, 1989இல் வலைக்கான திட்டத்தை முன்வைத்துப் பின்னர் இக்குறிமொழியை அமைத்தார். 1993இல் செர்ன் அதனை உலகிற்குப் பொதுவுடைமை ஆக்கியது. அடுத்த ஆண்டில், பொது விதிகளை வகுத்தற்கென உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தோன்றியது.

லேபிள் பொதுவாயிற்று, ஆனால் தமிழ் எழுத்து பொதுவாகவில்லை. எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண் அளித்தனர். ஒருவர் ‘அ’ வைத்த இடத்தில் மற்றொருவர் வேறோர் எழுத்தை வைத்தார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995ஆம் ஆண்டிலேயே தமிழை இணையத்தில் ஏற்றியிருந்தார். எனினும், ஒரு தளத்தின் எழுத்துருவைக் கொண்டு மற்றொரு தளத்தைப் படிக்க இயலாத நிலை பல்லாண்டு நீடித்தது.

இதற்கு மருந்தாக அமைந்தது யூனிகோடு. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் இம்முறையில் ‘அ’ என்பதற்கு 2949 என்பது எண். 1997இல் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 இம்முறையையே தனக்கு அடிப்படையாக ஏற்றது. ஆயினும் ஓர் இடர் எஞ்சி நின்றது. விண்டோஸ் 98 போன்ற அந்நாளைய கணினிகளில் அவ்வெண்ணை எழுத்தாகக் காட்டும் தமிழ் எழுத்துரு இல்லை. படிப்போர் கண்டவை வெற்றுக் கட்டங்களே!

இவ்விடத்தில்தான் மர்ஹூம் உமர் தம்பி அவர்களின் உழைப்பு பயன்பட்டது. 1953 ஜூன் 15இல் அதிராம்பட்டினத்தில் பிறந்த அவர்கள், பட்டப்படிப்பில் பயின்றது விலங்கியல். பிழைப்பின் பொருட்டுத் துபாய் சென்று பணியாற்றியவர்கள், கணினியைத் தம் ஆர்வத்தாலேயே கற்றுத் தேர்ந்தார்கள். அவர்கள் ஆக்கிய ‘தேனீ’ என்னும் யூனிகோடு எழுத்துரு, இணையப் பக்கத்துடன் தானும் சேர்ந்து படிப்பவரின் கணினிக்குச் சென்றது. துணியோடு ஊசியையும் நூலையும் சேர்த்து அனுப்புவதைப் போன்றது இது. படிப்பவர் எதனையும் தனியே நிறுவ வேண்டியதில்லை. அக்காலத்தில் இம்முறை மைக்ரோசாப்டின் உலாவியில் மட்டுமே இயங்கிற்று. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் இதே கருத்து, 2012இல் வலைக் கூட்டமைப்பின் பொது விதியாகவே மலர்ந்தது.

பழைய எழுத்துருக்களில் உள்ளவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவி, ஒலிப்பு முறையில் தமிழைத் தட்டச்சு செய்யும் கருவி என மேலும் பலவற்றை அவர்கள் ஆக்கி, யாவற்றையும் விலையின்றி வழங்கினார்கள். 2006 ஜூலை 12இல், தமது 53ஆம் வயதில் வஃபாத்தானார்கள். நான்காண்டு கழித்துக் கோவையில் செம்மொழி மாநாடு கூடிய 2010இல், தமிழக அரசு யூனிகோடைத் தனது தரமாக ஏற்றது.

நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் இட்டுப் புதிய வடிவங்கள் படைத்து, அரபுத் தமிழில் நூல் யாத்தவர்கள் அவர்கள். எழுத்தை ஆளும் கருவி மாறும்போதெல்லாம், அதற்கேற்ப மொழியைக் கொண்டு செலுத்த யாரேனும் முன்வர வேண்டியுள்ளது.

இன்று பின்னலாடை ஆலைகளில் தமிழரோடு ஒடிசா, பீகார், வங்கத் தொழிலாளரும் பணி செய்கின்றனர். இரவில் அவரவர் தாய்மொழியில் இல்லத்தார்க்குச் செய்தி விடுக்கின்றனர். அத்தனை எழுத்துகளும் ஒரே பொது அட்டவணையில் அண்டை வீட்டாராய் அமர்ந்துள்ளன.

இளைஞர்க்கு ஒரு பணி எஞ்சியுள்ளது. ஜமாஅத்துகளின் ஆண்டு மலர்கள், ஊர் வரலாறுகள், குடும்ப வழிமுறைக் குறிப்புகள் எனப் பல, பழைய எழுத்துருக்களில் அச்சகக் கணினிகளில் முடங்கிக் கிடக்கின்றன. அவ்வெழுத்துருக்கள் மறைந்தால் அவையும் படிக்க இயலாதவை ஆகிவிடும். அவற்றைத் தேடியெடுத்து யூனிகோடுக்கு மாற்றுவதே உமர் தம்பி அவர்களுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி. ஒரு விடுமுறைக் காலத்தில் ஒரு மலரையேனும் மாற்றலாமே!