மதியமே ஸ்கூல் விட்டாச்சு... பாட்டிக்குத் தெரியுமா?

கனமழை. தொடக்கப் பள்ளி மதியமே விடப்படுகிறது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் உடனே தகவல் வந்துவிடுகிறது. ஆனால், அந்த போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கிறது. பிள்ளையை அழைத்துவரும் பாட்டியிடம் இருப்பதோ பட்டன் போன். எல்லோரும் போன பிறகும், ஒரு குழந்தை மட்டும் கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இதைத் தவிர்க்க என்ன செய்யலாம்?

* வகுப்பு ஆசிரியரிடம் இரண்டு எண்கள் கொடுங்கள். அதில் ஒன்று, பகலில் வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும். சிம் மாற்றினால் அன்றே தெரிவியுங்கள்.

* 'நாளை லீவு' என்று வரும் ஃபார்வர்டில் தேதியைப் பாருங்கள். போன வருட அறிவிப்பாகவும் இருக்கலாம்.

* பள்ளி நேரம் மாறினால் கூடுதல் கவனம் தேவை. தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு உண்டு. தாமதமாகப் போனால் பிள்ளை அதைத் தவறவிடும்.

* கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்: 'வாட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்கு யார் சொல்வது?'

தெருவுக்கு ஓர் அம்மா பொறுப்பேற்றாலே போதும். எந்தக் குழந்தையும் தனியாக நிற்காது.