குப்பைமேட்டில் எழும்பிய சிமென்ட் மரங்கள்

தெருப் பிள்ளைகளின் உதவியோடு ஒரு குப்பைமேடு பூங்காவான கதை தெரியுமா?

அமெரிக்காவின் வடக்கு பிலடெல்பியாவில், வீடுகள் இடிந்து பாழ்பட்டுக் கிடந்த காலிமனைகள் ஏராளம். 1986-ல் நடனக் கலைஞர் ஆர்தர் ஹால், தன் கட்டடத்தை ஒட்டிய மனையைப் பூங்காவாக்கித் தரும்படி ஓவியர் லிலி யேவை அழைத்தார். சீனாவில் பிறந்து தைவானில் வளர்ந்தவர் லிலி. கையில் பணம் சொற்பம். உதவிக்கு முதலில் ஓடி வந்தவர்கள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். பெரியவர்கள் பிறகுதான் வந்தார்கள்.

குச்சியால் தரையில் ஒரு வட்டம் போட்டு வேலையைத் தொடங்கினார் லிலி. கம்பி கட்டி, சிமென்ட் பூசி மர வடிவச் சிற்பங்கள் எழும்பின. சுவர்கள் வளைந்து நெளிந்து வளர்ந்தன. மேலே உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பதித்தார்கள். டைல்ஸ் என்றால் செலவு குறைவு. மழையிலும் பனியிலும் வண்ணம் மங்காது. சின்னக் கைகளுக்கும் எளிதில் பழகிவிடும்.

ஒரு மனையில் தொடங்கிய வேலை அடுத்தடுத்த மனைகளுக்கும் பரவியது. காய்கறித் தோட்டமும் மரக்கன்றுப் பண்ணையும் வந்தன. தேவதைகளின் உருவங்கள் பதித்த ‘ஏஞ்சல் ஆலி’ என்ற சந்தும் உருவானது. 1989-ல் இந்த முயற்சி ‘வில்லேஜ் ஆஃப் ஆர்ட்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ்’ என்ற அமைப்பானது. அந்த வட்டாரத்து இளைஞர்களுக்கு அது இன்றும் கலைப் பயிற்சி அளித்துவருகிறது.