நுனிப் பழத்தைத் தின்று பாருங்கள்

கல்யாணமாகி சுருளிப்பட்டிக்கு வந்த புதிதில், பச்சைப்பசேலென்று நின்ற கொடியை என் மாமனார் மொட்டையடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பதறிப்போனேன். நான் ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரி. எங்கள் ஊரில் தானாகத் துளிர்த்த இலையை யாரும் வேண்டுமென்றே வெட்டமாட்டார்கள். "ஏம்மா முழிக்கிற? வெட்டலைன்னா இது நிழலுக்குத்தான் ஆகும், காய்க்கு ஆகாது" என்றார். 22 வருஷம் ஓடிவிட்டது. அவர் இல்லை. கத்தரி இப்போது என் கையில்.

தோட்டம் மூன்று ஏக்கர். இரண்டரை ஏக்கரில் பன்னீர் திராட்சை, மீதியில் விதையில்லாத வெள்ளை. கல்கால் நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே கம்பி பின்னி, அதில் கொடியைப் படரவிடுகிற பந்தல்தான் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க. 1895இல் முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியிராவிட்டால் நெல்லும் இல்லை, திராட்சையும் இல்லை.

குளிர்நாட்டில் திராட்சைக் கொடி பனிக்காலம் வந்தால் இலையை உதிர்த்துத் தூங்கிவிடும். வசந்தத்தில் துளிர்த்து வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை காய்க்கும். எங்கள் ஊரில் கொடியைத் தூங்கவைக்கிற குளிர் கிடையாது. விட்டால் வருஷம் பூராவும் கொடியாகவே ஓடிக்கொண்டிருக்கும். கத்தரிதான் எங்களுக்குப் பனிக்காலம். கவாத்து செய்து மிச்ச இலையையும் உருவிவிட்டால், வெட்டிய குச்சியின் கண்ணிலிருந்து புதுத் துளிர் கிளம்பும். பூங்கொத்து அந்தத் துளிரோடுதான் வரும். அன்றிலிருந்து ஏறக்குறைய 120 நாளில் பழம் வெட்டலாம். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பிஞ்சு, அதற்கடுத்ததில் பழம். மற்ற இடங்களில் சில மாதம் மட்டுமே கிடைக்கிற திராட்சை கம்பத்தில் எல்லா மாதமும் கிடைப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

எத்தனை கண் விட்டு வெட்டுவது என்பதுதான் வித்தை. பன்னீருக்கு நாலு கண். இதை மாமனார் எனக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். விதையில்லா ரகமோ வேறு ஜாதி. குச்சியின் அடிக்கண்ணில் அதற்குப் பூ இருக்காது, மேலே தள்ளி இருக்கும். எத்தனையாவது கண்ணில் கரு பிடித்திருக்கிறது என்று மொட்டைப் பிளந்து, பெரிதாக்கிப் பார்த்த பிறகே விவரமானவர்கள் வெட்டுவார்கள். நான் விவரமில்லாமல் முதல் வருஷம் அதற்கும் நாலு கண்ணே விட்டேன். பந்தல் நிறைய இலை. குலையைத் தேட வேண்டியிருந்தது.

பன்னீர் என்பது ஊர்ப்பெயர்தான். உலகத்துக்கு அது மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற பழைய வெள்ளை ரகத்துக்கும் ஐரோப்பியக் கறுப்பு ரகம் ஒன்றுக்கும் பிறந்தது. வாசனை வெள்ளையிடமிருந்து வந்தது, நிறம் கறுப்பிடமிருந்து. தமிழ்நாட்டுக்கு அதை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. பன்னீர் என்று பெயர் வைத்தவர் யாரோ, மூக்கு நல்ல மூக்கு. ரோஜாவுக்கு மணம் தருகிற ஜெரானியால் என்ற பொருள் மஸ்கட் திராட்சையிலும் இருக்கிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

ஆனாலும் மதுரைக் கடையில் இதை எடுத்துப் பார்த்துவிட்டு, "கொட்டை இருக்குமே" என்று கீழே வைக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் அரை ஏக்கரில் வெள்ளை வைத்தார். ஓடைப்பட்டிக்காரர்கள் அதில் கெட்டிக்காரர்கள், நாமும் பார்ப்போமே என்று. வைத்த பிறகுதான் தெரிந்தது, விதையில்லா திராட்சையில் விதை உண்டாகாமல் இல்லை. உண்டாகி, பாதியில் கருகிவிடுகிறது. பழத்தைப் பெருக்க வைக்கிற சத்து விதையிலிருந்து வருவது. அது இல்லாததால் பழம் சின்னதாக நின்றுவிடும். ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் குலைகளை நனைத்துத்தான் பெருக்க வைக்க வேண்டும். ஆள்கூலி அங்கேயே போகிறது.

இருந்தாலும் அந்த ரகங்களின் பின்னால் உள்ள உழைப்பை நான் மட்டமாகச் சொல்லமாட்டேன். சோனாகா என்கிற நீளப் பழம் எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் பிறக்கவில்லை. சோலாப்பூர் பக்கத்து விவசாயி நானாசாகேப் காளே, தாம்சன் சீட்லெஸ் கொடிகளுக்கு நடுவே வித்தியாசமாகக் காய்த்ததைக் கண்டு, பிரித்தெடுத்து வளர்த்தது. திராட்சையை விதை போட்டு வளர்த்தால் தாயைப் போல வராது. குச்சி நட்டால் அச்சு அசலாக வரும். அதனால் நல்ல கொடி ஒன்று கண்ணில் பட்டால் போதும், ஊரே அதை நடலாம். கண்ணில் படுவதற்குத்தான் தினமும் பந்தலுக்குள் நடக்க வேண்டும்.

எங்களுக்குப் பயம் மழைதான். பழுக்கிற நேரத்தில் பெய்தால் தோல் வெடிக்கும், ஈக்கள் மொய்க்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் விலை பேசி முன்பணம் கொடுத்திருந்த வியாபாரி, இரண்டு நாள் மழைக்குப் பிறகு பந்தலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்தான். போனைக்கூட எடுக்கவில்லை. ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோயும் வரும். அதற்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, நூறு லிட்டர் தண்ணீர். போர்டோ கலவை என்பார்கள். பிரான்சில் ரோட்டோரத் தோட்டக்காரர்கள் பழம் திருடுகிறவர்களை விரட்டத்தான் முதலில் இதைத் தெளித்தார்களாம். தெளித்த கொடியில் நோய் இல்லாததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, 1885இல் மருந்தாக வெளியிட்டார். சுருளி அருவிக்குப் போகிற வழியில் தோட்டம் வைத்திருக்கிற எனக்கு அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் கஷ்டம் நன்றாகப் புரிகிறது. பந்தலுக்குக் கீழே நின்று போட்டோ எடுப்பவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு போவதில்லை.

வெள்ளையைப் பிடுங்கிவிட்டு அதிலும் பன்னீரே வைக்கலாம் என்று நான் சொல்கிறேன். மகன் இன்னும் ஒரு கவாத்து பார்க்கலாம் என்கிறான். பார்ப்போம்.

கடைசியாக, வாங்குகிறவர்களுக்கு. பறித்த திராட்சை வீட்டில் வைத்தால் பழுக்காது. கொடியில் பழுத்ததுதான் பழுத்தது. பழத்தின்மேல் மாவு பூசினாற்போல இருப்பது அதன் சொந்த மெழுகு. கழுவிச் சாப்பிடுங்கள், பயப்பட வேண்டாம். காம்பு பச்சையாக இருக்கிறதா பாருங்கள். கடைக்காரர் ருசி பார்க்க மேல்பழத்தைக் கிள்ளிக் கொடுத்தால் வாங்காதீர்கள். குலையில் கடைசியாகப் பழுப்பது நுனி. நுனிப் பழத்தைக் கேளுங்கள்.