புத்தகப் பேன் கடிக்காது, மாத்திரை கொல்லும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு அலமாரியைத் திறந்தால், பழைய புத்தகத் தாளில் சாம்பல் வெள்ளையாக ஏதோ ஊரும். ரவை டப்பா மூடியின் உட்பக்கத்திலும் அதே பூச்சி. மூட்டைப்பூச்சியோ, கறையானோ என்று பதறி மருந்து வாங்க ஓடுகிறோம். ஆபத்து அந்த அவசரத்தில்தான் இருக்கிறது.

அது புத்தகப் பேன். உடல் நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, புடைத்த முகம், நூல் மாதிரி நீண்ட உணர்கொம்புகள், தடித்த பின்னந்தொடைகள். இறக்கை இல்லை. விறுவிறுவென ஓடும், சட்டென நிற்கும். மூட்டைப்பூச்சிக் குஞ்சுக்கு உணர்கொம்பு குட்டை. ரத்தம் குடித்திருந்தால் வயிறு சிவந்திருக்கும். கறையான் இதைவிடப் பெரிது, அதன் உணர்கொம்பு மணி கோத்தது போலிருக்கும். புத்தகப் பேன் தலைப்பேனுக்கு உறவுதான், ஆனால் ரத்தம் குடிக்காது. பூஞ்சை, பைண்டிங் பசை, மாவுத்தூள் இவைதான் அதன் தீனி. தூசியோடு கலந்த அதன் உடல் துணுக்குகள் சிலருக்கு ஒவ்வாமை தரலாம்.

மரத்தண்டில் மந்தையாகச் சேர்ந்து நகரும் மரப்பட்டைப் பேனும் இதே குடும்பக்கூட்டம்தான். பாசியையும் பூஞ்சையையும் மேயும், மரத்தைத் துளைக்காது. அதற்கு மருந்தே வேண்டாம்.

புத்தகப் பேன் காற்றிலிருக்கும் ஈரத்தை வாயால் உறிஞ்சி வாழ்கிறது. ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கி சில வாரம் நீடித்தால் வற்றிச் செத்துவிடும். வீடுகளில் அதிகம் காணப்படும் லிப்போசெலிஸ் போஸ்ட்ரிகோபிலா இனத்தில் ஏறக்குறைய எல்லாமே பெண், ஆணின்றியே முட்டையிடும். ஒன்று தப்பினாலும் மறுபடி பெருகிவிடும். ஆகவே ஈரத்தைத் துரத்துங்கள். சுவர்க் கசிவை அடைத்துவிடுங்கள், அலமாரியைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், புத்தகங்களைக் காற்றாட விரித்து உலர்த்துங்கள். ரவை, மைதாவைக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

அரிசி மூட்டைக்குள் போட அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சில கடைகளில் சில்லறையாகத் தருகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். பூட்டிய வீட்டில் தூங்கியவர்கள் அதனால் இறந்திருக்கிறார்கள். அந்த விஷத்துக்கு முறிமருந்து இல்லை. பயிற்சி பெற்ற, அனுமதியுள்ள ஆட்களைத் தவிர வேறு யாரும் கையாளக்கூடாத பொருள் அது. வீட்டுக்கு விற்பதே தவறு. இத்தனைக்கும் புத்தகப் பேனின் முட்டைகள் பாஸ்பீனையும் தாக்குப்பிடிக்கக் கூடியவை!

கடையில் வாங்கிய பாக்கெட்டிலேயே பூச்சி இருந்தால்? பூச்சி பிடித்த உணவு, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு சட்டப்படி பாதுகாப்பற்ற உணவு. முடிந்தால் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால், பூச்சி உங்கள் அடுக்களையில் ஏறியது என்று கடைக்காரர் வாதிடலாம். பேட்ச் எண்ணைப் படம் எடுத்து, பில்லோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுங்கள். கட்டணம் கட்டி நீங்களே பகுப்பாய்வு கேட்கவும் உரிமை உண்டு. குறை உறுதியானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக்கட்டணம் கிடையாது.