கொசுத்தேன் கூட்டில் புழுப் படை! உளி எடுப்பவர்களே உஷார்!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் பழைய வீடு வைத்திருப்போர் காம்பவுண்டு சுவரையும் கரண்ட் மீட்டர் பெட்டியையும் ஒரு தரம் உற்றுப் பாருங்கள். வெடிப்பிலிருந்து கருப்பாக ஒரு பிசின் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதா? உள்ளே கொசுத்தேனீ குடித்தனம் நடத்துகிறது!

ஆள் கொசு சைஸ்தான். கொடுக்கு தேய்ந்து போனதால் கொட்டாது. மிஞ்சிப் போனால் கடிக்கும். அதுதான் வினை. யார் வேண்டுமானாலும் உளியும் சுத்தியலுமாக வந்துவிடுகிறார்கள். கொசுத்தேன் மருந்துக்கு ஆகும் என்பதால் சாதாரணத் தேனைவிடப் பல மடங்கு விலை. ஆனால் ஒரு கூட்டில் தேறுவது சில நூறு கிராம்தான்.

ஆள் போன பிறகுதான் அசல் கொள்ளை!

கொசுத்தேன் அடையில் இருக்காது. மெழுகும் பிசினும் குழைத்துச் செய்த குட்டிக் குட்டிப் பானைகளில் இருக்கும். மகரந்தத்துக்குத் தனிப் பானை. இவை உடைந்தால் புளித்த வாடை கிளம்பும். அதை மோப்பம் பிடித்து வருகிறது கூன் விழுந்த ஒரு பொடி ஈ. பெயர் ஃபோரிட். பறப்பதை விட்டு, கோணல்மாணலாக விறுவிறுவென ஓடும். உடைந்த மகரந்தப் பானையிலும் குஞ்சு அறையிலும் முட்டையிடும். சில நாளில் புழு நெளியும். மகரந்தம் காலி, குஞ்சும் காலி. பின்னாலேயே எறும்பு. வீட்டுக்காரர், ஏதோ நோய் வந்து பூச்சி செத்துப் போச்சு என்பார். நோய் வந்த வழி உளி போட்ட ஓட்டை!

உடையாத கூடு லேசுப்பட்டதல்ல. வாசலில் சதா காவல். ராணி முட்டையிட்டதும் அறையைத் தீனியோடு சேர்த்து மூடி விடுவார்கள். ஆஸ்திரேலியாவில் கொசுத்தேனீயின் சொந்தக்காரர்கள் கூட்டுக்குள் புகுந்த வண்டு மீது பிசினும் மெழுகும் மண்ணும் பூசி, பத்தே நிமிடத்தில் உயிரோடு சமாதி கட்டியதை 2010-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

தேனீ நோயை இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1991-92-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் கேரளாவிலும் குமரி மாவட்டத்திலும் புகுந்தது. மார்த்தாண்டம் வட்டாரம் தேனுக்குப் பேர் போனது. அங்கே குஞ்சுகள் தண்ணீர்ப் பை போல வீங்கிச் செத்து, பெட்டி பெட்டியாகக் காலியாயின. தேனை நம்பிப் பிழைத்தவர்கள் தவித்துப் போனார்கள். அது அடுக்குத் தேனீக்கு வந்த நோய், மருந்து கிடையாது. கொசுத்தேனீக்கு வரும் புழுத் தொல்லையை நாமே தடுக்கலாம்.

கரையான் என்று நினைத்து மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். சுவர் நிற்கிற வரை கூட்டைத் தொட வேண்டாம். ஃபிளாட் கட்ட வீட்டை இடித்தே ஆக வேண்டுமா? விவரம் தெரிந்தவரை வைத்து, இருட்டி ஈக்கள் அடங்கிய பிறகு, குஞ்சு அறைகளை அலுங்காமல் மரப்பெட்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். உடைந்த பானை ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. பெட்டி இடுக்கைக் களிமண்ணால் பூசி விடுங்கள்.

கூன் ஈ தென்பட்டால், மூடியில் ஊசி ஓட்டை போட்ட சின்ன டப்பாவில் வினிகர் ஊற்றி உள்ளே வையுங்கள். தேனீ நுழையாத அளவுக்கு ஓட்டை பொடியாக இருக்க வேண்டும். ஈ வாடைக்கு இறங்கி மாட்டிக்கொள்ளும். பெட்டி வைத்த ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. வாசலில் காத்திருக்கும் பல்லியை மட்டும் நீங்கள்தான் விரட்ட வேண்டும்.