உருகாமல் வெளியேறும் நீர்: உறை உலர்த்தலும் வீட்டுச் சமையலும்

சமைத்த உணவைக் கடுங்குளிரில் உறையவைத்து, அதிலுள்ள பனிக்கட்டியை உருகவிடாமலேயே ஆவியாக்கி வெளியேற்றும் முறைக்கு உறை உலர்த்தல் என்று பெயர். ‘ஃப்ரீஸ் ட்ரையிங்’ என்றால் பலருக்கும் எளிதில் விளங்கும். சாதம், சாம்பார், பொரியல் என அன்றாடச் சமையலை ஃப்ரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருக்க இது உதவுகிறது.

வற்றலும் கருவாடும் ஈரத்தைப் போக்கித்தான் கெடாமல் நிற்கின்றன. ஆனால் வெயிலில் காயும்போது நீர் திரவமாகவே மேற்பரப்புக்கு நகர்கிறது. திசுக்கள் சுருங்கி இறுகுகின்றன. அதனால் சுண்டைவற்றலை ஊறவைத்தாலும் பழைய காய் திரும்பக் கிடைக்காது. உறை உலர்த்தலில் நீர் திரவ நிலையைத் தொடுவதே இல்லை. திறந்து வைத்த கற்பூரம் உருகாமலே கரைந்து போவதுபோல, பனிக்கட்டி நேரே ஆவியாகிறது. அது இருந்த இடங்கள் நுண்ணிய துளைகளாக எஞ்சுகின்றன. பின்னர் வெந்நீர் ஊற்றினால் அத்துளைகள் வழியே நீர் விரைவாக உள்ளே போய், உணவு சில நிமிடங்களில் பழைய பதத்தை நெருங்கிவிடும்.

பனிக்கட்டி இப்படி நேரே ஆவியாக, அழுத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். சுமார் 611 பாஸ்கலுக்குக் கீழே, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் 160-இல் ஒரு பங்குக்கும் குறைவான நிலையில், நீர் திரவமாக இருக்க முடியாது. எனவே இயந்திரம் முதலில் உணவை மைனஸ் 30 அல்லது 40 டிகிரிக்குக் கொண்டுபோகிறது. பிறகு வெற்றிடப் பம்பு காற்றை உறிஞ்சுகிறது. தட்டுகள் மெல்லச் சூடாகின்றன. கிளம்பும் ஆவி, இன்னும் குளிர்ந்த ஒரு பரப்பில் மீண்டும் பனியாகப் படிகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். சாதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர் என்பதால், ஒரு கிலோ சாதம் 350 கிராம் அளவுக்கு இளைத்துவிடும். வெளிநாட்டுக்குப் பயணப்படுவோருக்கு இந்த எடைக்குறைவு பெரிய வசதி.

தென்சென்னைக்கு இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. கிண்டியில், 1948-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் காசநோய்த் தடுப்பூசியை இம்முறையில் உலர்த்திக் குப்பிகளில் அடைத்தது. அதே கிண்டியின் கிங் நிலையம் பெரியம்மை ஒழிப்புக் காலத்தில் உலர்ந்த தடுப்பூசியைத் தயாரித்தது. உணவுப் பக்கத்தில், மைசூரிலுள்ள ராணுவ உணவு ஆய்வகம் வீரர்களுக்கான உணவுகளில் இம்முறையைக் கையாண்டது. வீட்டு உபயோக இயந்திரங்கள் 2010-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன.

எல்லாச் சமையலும் இதற்குத் தோதல்ல. சாதம், பருப்பு, ரசம், எண்ணெய் குறைந்த கூட்டு, பொரியல், சிறு துண்டுகளாக வெந்த கோழிக்கறி ஆகியவை நன்றாக உலரும். எண்ணெய் ஆவியாவதில்லை, அது உள்ளேயே தங்கிக் காலப்போக்கில் சிக்கடிக்கும். ஆகவே நல்லெண்ணெய் மிதக்கும் வத்தக்குழம்பு, நெய் ஊற்றிய பொங்கல், பிரியாணி ஆகியவை நீண்ட நாள் தாங்காது. சர்க்கரை நிறைந்த பாகும் தேனும் சரியாக உலராமல் பிசுபிசுக்கும்.

உறை உலர்த்தல் எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை, பலவற்றைத் தூங்கவைக்கிறது. பி.சி.ஜி. தடுப்பூசியில் பாக்டீரியா உயிரோடு நிற்பதும் இதனால்தான். ஆகவே சமைத்த சாதத்தை வெளியே வைத்திருக்காமல் சீக்கிரம் ஆறவைத்து உறையவைக்க வேண்டும். சாப்பிடும்போது கொதிநீர் ஊற்றுவதும், நீர் சேர்த்ததை உடனே சாப்பிட்டு முடிப்பதும் நல்லது.

தென்சென்னையின் தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் போன்ற பகுதிகளில் கடற்காற்று ஈரம் இன்னொரு சவால். துளை நிறைந்த உலர் உணவு ஈரத்தை மளமளவென்று இழுத்துக்கொள்ளும். எடுத்ததும் அலுமினியத் தகடு பதித்த பைகளில், ஆக்ஸிஜன் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு, காற்று புகாமல் அடைக்க வேண்டும். எடுக்கும்போதே நொறுங்காமல் நமத்துப்போயிருந்தால் அது போதுமான அளவு உலரவில்லை என்று பொருள்.

இயந்திரம் விலை உயர்ந்தது. ஒரு சுற்றுக்கு 20 யூனிட்டுக்கு மேல்கூட மின்சாரம் செலவாகலாம். நடுவில் நீண்ட மின்தடை வந்தால் பனி உருகி, உணவு கெட வாய்ப்புண்டு. எனவே தனிக் குடும்பத்துக்கு வாங்குவதைவிட, சில வீடுகள் சேர்ந்தோ சிறுதொழிலாகவோ பயன்படுத்துவது கட்டுப்படியாகும். விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ அவசியம்.